கியர் பொக்ஸ் இறக்கினால் பிளைவீலையும் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவருக்கும் மெக்கானிக்குக்கும் இடையில் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"அண்ணை, கிளச் முடிஞ்சுது. கியர் பொக்ஸ் இறக்கோணும். இறக்கினால் பிளைவீலையும் ஒருக்கா லேத்துக்கு அனுப்புவம்."

"பிளேட்டை மட்டும் மாத்தினால் காணாதோ தம்பி?"

கேள்வி நியாயமானதுதான். பிளேட்டுக்கு ஒரு விலை, பிரஷர் பிளேட்டுக்கு ஒரு விலை, பெயரிங்குக்கு ஒரு விலை, பிளைவீல் முகத்தை லேத் மெஷினில் வெட்டி மட்டப்படுத்தும் கூலி வேறு என்று கணக்கு ஏறும்போது யாரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் இந்த வேலையில் நேரமும் கூலியும் எங்கே போகின்றன என்று பாருங்கள். பிளேட்டைக் கழற்றிப் பூட்டுவது சின்ன வேலை. அதற்குக் கை எட்டும்படி கியர் பொக்ஸை இறக்குவதும் திரும்ப ஏற்றுவதும்தான் பெரிய வேலை. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதத்தில் பெயரிங் சத்தம் போட்டால், அந்தப் பெரிய வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் கேட்க வேண்டியது, "இறக்கிய நேரத்தில் என்னென்ன பார்ப்பீர்கள்?" என்பது. அதற்கு மெக்கானிக் சொல்லும் பதில் விளங்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது இரண்டு கார்கள். ஒன்று மொரிஸ் மைனர், மற்றது மாருதி 800. மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜோடு சேர்ந்து எங்கள் ஊரில் எத்தனையோ கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய கார் அது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் இந்தப் பழைய எஞ்சின்கள்தான் துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மாருதி 800 இந்தியாவில் 1983 முதல் வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் சக்கரத்தில் இழுவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய காரைத் திருத்தி ஓடுவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. இரண்டு கார்களும் வடிவத்தில் வேறு வேறு. கிளச்சின் தத்துவம் இரண்டிலும் ஒன்றே.

கிளச் என்ன செய்கிறது

எஞ்சினை அணைக்காமல் காரை நிறுத்தி வைக்க வேண்டும். எஞ்சின் சும்மா ஓடுவதே நிமிடத்துக்கு 800 சுற்று அளவில்; அதற்கு மிகவும் கீழே போனால் திணறி நின்றுவிடும். சில்லு பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓடுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் நேரடியாகக் கோர்க்க முடியாது. நடுவில் கொஞ்ச நேரம் வழுக்கவிட்டு, மெதுவாகச் சேர்த்து, பிறகு வழுக்காமல் இறுக்கிப் பிடிக்க ஒன்று தேவை. அதுதான் கிளச்.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் தண்டின் பின்முனையில் பாரமான இரும்பு வட்டு ஒன்று போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். அது பிளைவீல். அதன் முகத்தின் மேல் பிரஷர் பிளேட் என்ற மூடி பூட்டப்பட்டு, பிளைவீலோடு சேர்ந்தே சுற்றும். இந்த இரண்டுக்கும் நடுவே கிளச் பிளேட் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் உராய்வு லைனிங் றிவெட் அடித்து ஒட்டப்பட்டிருக்கும். நடுத்துளையில் பற்கள் வெட்டியிருக்கும். கியர் பொக்ஸிலிருந்து நீளும் தண்டு அந்தப் பற்களுக்குள் செருகி நிற்கும். பெடலை மிதிக்காதபோது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் கிளச் பிளேட்டைப் பிளைவீலோடு அமுக்கிப் பிடிக்கிறது; மூன்றும் ஒன்றாகச் சுற்றுகின்றன. மிதித்தால் ஒரு கவை கிளச் பெயரிங்கை முன்னே தள்ளுகிறது, அது ஸ்பிரிங்கின் பிடியைத் தளர்த்துகிறது, நடுவிலிருக்கும் பிளேட் விடுபடுகிறது. எஞ்சின் தன் பாட்டில் சுற்றும், கியர் பொக்ஸுக்கு எதுவும் போகாது.

ஆகவே பெடலை மிதிப்பது பிடியை விடுவிப்பதற்கு. கால் பெடலில் இல்லாத நேரம்தான் கிளச் முழு வேலை செய்யும் நேரம். கார் பழகும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ பெயரிங் தப்பும்.

எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் தெரியாதவர் குறைவு என்பதால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே குளித்துக்கொண்டு வேலை செய்கிறது. பல சிறு தட்டுகள் அடுக்கி வைத்த கிளச் அது. காரின் கிளச் உலர்ந்தது. ஒரே பிளேட், இரண்டே முகம். அதில் ஒயில் பட்டால் கதை முடிந்தது.

எவ்வளவு முடிந்தது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். கிளச் தாங்கக்கூடிய முறுக்கு விசை நான்கு விஷயங்களின் பெருக்கம்: லைனிங்கின் உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அமுக்கும் விசை, லைனிங்கின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. உதாரணத்துக்கு உராய்வுக் கெழு 0.3, அமுக்கம் 3,000 நியூட்டன், சராசரி ஆரை 8 சென்டிமீட்டர், முகம் இரண்டு என்று வையுங்கள். 0.3 × 3,000 × 0.08 × 2 = 144 நியூட்டன் மீட்டர். 1098 சிசி மொரிஸ் மைனர் எஞ்சின் தரும் உச்ச முறுக்கு விசை ஏறத்தாழ 81. தாராளமாகத் தாங்கும். இப்போது லைனிங்கில் ஒயில் ஊறி உராய்வுக் கெழு 0.1க்கு இறங்கினால், விடை 48. எஞ்சின் 81 கொடுக்கிறது, கிளச் 48க்கு மேல் பிடிக்காது. மிச்சம் வழுக்கும், வழுக்குவது வெப்பமாகும், வெப்பம் லைனிங்கை எரிக்கும். பிளேட் புதிதாக இருந்தாலும் இதே கதைதான். ஒயில் கசிவை நிறுத்தாமல் புதுப் பிளேட் போடுவது காசைக் கரியாக்கும் வேலை என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான்.

பிளைவீல் சும்மா ஒரு பாரம் அல்ல

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் தண்டு அரைச் சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு வெடிப்பு. மாருதியின் மூன்று சிலிண்டரில் ஒரு சுற்றின் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒன்று. அதாவது 800 சுற்றில் சும்மா ஓடும்போது மைனரில் நிமிடத்துக்கு 1,600 உதை, மாருதியில் 1,200. உதைக்கும் உதைக்கும் இடையில் தண்டை யாரும் தள்ளுவதில்லை. மாறாக அடுத்த சிலிண்டரில் காற்றை அமுக்குவதற்காக அது வேகத்தை இழக்கிறது. காலால் மிதிக்கும் தையல் மெஷினில் கீழே இருக்கும் பெரிய சக்கரம் என்ன செய்கிறதோ அதையேதான் பிளைவீலும் செய்கிறது: மிதி கிடைக்கும்போது வேகத்தைச் சேமித்து, மிதி கிடைக்காத இடத்தைத் தாண்டக் கொடுக்கிறது. சிலிண்டர் குறைவான எஞ்சினுக்கு இந்த உதவி கூடுதலாகத் தேவை.

இது முதல் வேலை. இரண்டாவது, அதன் விளிம்பில் ஏற்றியிருக்கும் பல் வளையம். ரிங் கியர் என்பார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு கியர் இதில் கோர்த்துத்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. மூன்றாவது வேலைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்: பிளைவீலின் முகம் கிளச்சின் ஒரு பாதி. லைனிங்கின் ஒரு பக்கம் உராய்வது அதன் மேல்தான், கிளச்சில் உண்டாகும் சூட்டில் பெரும்பங்கை உறிஞ்சுவதும் அதுவும் பிரஷர் பிளேட்டும்தான்.

எவ்வளவு சூடு? ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள கார் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துக்கு வரும்போது அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 8,000 ஜூல். எஞ்சின் வேகம் ஒரே மாதிரி இருந்தால், அந்தப் புறப்பாட்டில் கிளச்சுக்குள் வெப்பமாகப் போவதும் கிட்டத்தட்ட அதே 8,000. இதைப் பிளைவீல் இலகுவாகத் தாங்கும். அடுத்த சந்திக்கு முன் ஆறிவிடும். பத்துக்கு ஒன்று சரிவில் அதே காரைப் பிரேக் பிடிக்காமல், பெடலைப் பாதி விட்டபடி அரைக் கிளச்சில் நிறுத்தி வைத்தால், விநாடிக்குச் சுமார் 2,000 ஜூல் வீதம் வெப்பம் உண்டாகும். நான்கு விநாடி ஒரு புறப்பாட்டுக்குச் சமம். காரோ ஓர் அடிகூட நகரவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஏது சரிவு என்று கேட்பீர்கள். கொக்குவில், கோண்டாவில் பக்கம் ரெயில் கடவைகளில் ரெயிலுக்காகக் காத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். தண்டவாளம் வீதியைவிட உயர்ந்திருக்கும் இடங்களில் முன்னால் நிற்கும் கார்கள் அந்தச் சிறு மேட்டில் அரைக் கிளச்சில் ஆடிக்கொண்டிருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சனத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும் இதே கணக்கில்தான் சேரும்.

எது பழுது என்று பிடிப்பது

கிளச் கெடுவதில் மூன்று விதம் உண்டு. வழுக்குவது, விடாமல் பிடிப்பது, அதிர்வது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் பிளேட் மாற்றுவது மருந்தல்ல.

வழுக்கும் கிளச்சுக்கு எங்கள் ஊர் நல்ல ஒளிவிடம். குடாநாடு தட்டை. வேகமும் குறைவு. பாதி தேய்ந்த கிளச் பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் பிரச்சினை காட்டாமல் வருடக்கணக்கில் போய் வரும். அப்புறம் ஒருநாள் குடும்பத்தோடு ஏ9 வீதியில் கண்டிக்குப் போய், அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறத் தொடங்கும்போது, இறம்பொடைப் பக்கம் எஞ்சின் கத்தும், கார் நகராது, எரிந்த மணம் வரும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். கிளச்சைப் பரீட்சித்துப் பார்க்கிற இடம் அதல்ல. புறப்படும் முன் ஊரிலேயே பார்க்கலாம்: வெறும் வீதியில் நாலாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது அக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தமும் கார் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். சத்தம் மட்டும் துள்ளி ஏறி, கார் பின்தங்கினால் கிளச் வழுக்குகிறது. உடனே பிளேட் வாங்க ஓட வேண்டாம். பெடலின் மேல்பகுதியில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். காருக்குக் கார் அளவு மாறும், முக்கால் அங்குலம் அளவில் என்று நினைவில் வையுங்கள். அந்த ஆட்டமே இல்லாவிட்டால் பெயரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். சில நேரம் ஒரு நட்டைத் திருகினாலே வழுக்கல் நின்றுவிடும்.

இரண்டாவது, பெடலை முழுக்க மிதித்தும் பிளேட் விடாமல் இழுப்பது. முதல் கியர் விழக் கஷ்டம், ரிவர்ஸ் போடும்போது கரகரச் சத்தம். மாருதியில் கேபிள் நீண்டிருக்கலாம், மைனரில் பெடலிலிருந்து கவைக்குப் போகும் கம்பி இணைப்புகளின் துளைகள் தேய்ந்திருக்கலாம். இவை வெளியிலிருந்தே சரிசெய்யக் கூடியவை. இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு வகையும் உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில், கார் தகரக் கொட்டிலுக்குள் இரண்டு மாரி நின்றிருக்கும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் பட்டுப் பிளைவீல் முகம் துருவேறி, லைனிங் அதோடு ஒட்டிப்போகும். வந்து ஸ்டார்ட் பண்ணினால் கிளச் மிதித்தும் கார் பாயப் பார்க்கும். பலர் எஞ்சினைச் சூடாக்கி, கிளச்சை மிதித்தபடி, வெறும் இடத்தில் ஓட்டி அக்சிலேட்டரை விட்டு விட்டுப் பிடித்து அதை உடைத்தெடுப்பார்கள். விடுபடும். ஆனால் துருவிலே கிழிந்த லைனிங்கும் புள்ளி விழுந்த முகமும் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது, புறப்படும்போது கார் முழுக்கக் குலுங்குவது. பிளைவீல் முகத்தில் சூட்டுத் திட்டுகள் இருந்தால் இது வரும். லைனிங்கில் ஒயில் பட்டாலும் வரும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் செத்திருந்தாலும் அச்சொட்டாக இப்படித்தான் குலுங்கும். கியர் பொக்ஸ் இறக்குவதற்கு முன் மவுண்டிங்கைப் பார்க்காத மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள்.

சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். கியர் போடாமல் நிற்கும்போது பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் கிளச் பெயரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருகிறது என்றால் கியர் பொக்ஸின் முன் பெயரிங் பக்கம் பாருங்கள். அது வேறு செலவு.

இறக்கிய பிறகு

மாருதியில் பற்றரி வயரைக் கழற்றி, கியர் பொக்ஸ் ஒயிலை வடித்து, முன் சில்லுகளைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டுகளை இழுத்தெடுத்து, கியர் பொக்ஸைக் கீழ்ப்பக்கமாக இறக்குவார்கள். மைனரில் காருக்குள்ளே காப்பெட்டைத் தூக்கினால் கியர் பொக்ஸ் மேல் ஒரு தகட்டு மூடி இருக்கும்; அதைக் கழற்றி இறக்கலாம். செயின் புளொக் இருந்தால் பலர் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்த்தே முன்பக்கத்தால் தூக்கிவிடுவார்கள். எதுவானாலும், காருக்குக் கீழே ஆள் படுக்க வேண்டுமானால் ஜக்கை நம்பக் கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும். சீமெந்துக் கல்லும் ஸ்டாண்ட் அல்ல, அது வெடித்துச் சரியும்.

உள்ளே கறுப்புத் தூசு நிறைந்திருக்கும். கொம்பிரசர் காற்றால் ஊதித் துப்புரவாக்கும் பழக்கம் எல்லா இடமும் இருக்கிறது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள்.

இனி பார்க்க வேண்டியவை. பிளேட்டில் லைனிங் றிவெட்டின் தலைக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் அவ்வளவுதான். பிரஷர் பிளேட்டில் மாருதிக்கு விசிறி போன்ற டயபிரம் ஸ்பிரிங்; அதன் விரல் நுனிகளில் பெயரிங் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா, எல்லா விரலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மைனரில் சுருள் ஸ்பிரிங்குகளும் மூன்று நெம்புகளும். மைனரின் கிளச் பெயரிங்கில் குண்டுகளே கிடையாது, அது ஒரு கரி வளையம். எந்நேரமும் பெடலில் கால் வைத்து ஓட்டுபவரின் காரில் அது தேய்ந்து தகடாகியிருக்கும்.

பிறகு ஒயில். மாருதியில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் உண்டு. விலை அதிகமில்லை, பிளைவீலைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும், ஆகவே கசியாவிட்டாலும் மாற்றிவிடுவது என் கட்சி. மைனரில் அப்படி ஒரு சீலே இல்லை. தண்டில் திருகுபோல வெட்டியிருக்கும் பள்ளம், சுற்றும்போது ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எஞ்சினுக்குள் அழுத்தம் கூடினால் அந்த வழியால் ஒயில் வெளியே வரும். இதற்காகவே மைனரின் கிளச் அறையின் அடியில் ஒரு துளை விட்டு, அதில் ஒரு பிளவு ஊசியைத் தொங்கவிட்டிருப்பார்கள்; கார் ஓடும்போது அது ஆடி ஆடித் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். கீழே ஒயில் சொட்டுகிறது என்று அந்தத் துளையை எம்சீல் பசையால் அடைத்த கெட்டிக்காரரும் உண்டு. சொட்டாத ஒயில் கிளச்சுக்குப் போகும்.

பிளைவீலைப் பற்றி முடிவெடுப்பது முகத்தைப் பார்த்து. மங்கலான சாம்பல் நிறத்தில், நகத்தால் தடவினால் தட்டாமல் இருந்தால் நல்லது. மண்தாள் போட்டு லேசாகத் தேய்த்துப் பூட்டலாம். றிவெட் கீறிய வளையப் பள்ளங்கள், முடி போன்ற சூட்டு வெடிப்புகள், நீலத் திட்டுகள் இருந்தால் லேத்துக்குப் போக வேண்டும். நீலத் திட்டு நிறம் மட்டும் அல்ல. அந்த இடத்தில் இரும்பு அதிகம் சூடாகித் திடீரென ஆறியதால் சுற்றியிருப்பதைவிடக் கடினமாகியிருக்கும். லேத் ஊசி அதன் மேல் துள்ளிப் போகும். வெட்டிய பிறகும் சிறு மேடாக நிற்கும். பழைய குலுக்கம் திரும்பி வருவது இப்படித்தான். ஆகவே திட்டுகள் அதிகமாக இருந்தால் கல் வைத்து அரைக்கும் மெஷின் இருக்கும் பட்டறையைத் தேடுங்கள். எடுக்கும் கனம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு போதும். வெடிப்பு ஆழமாகவோ, போல்ட் துளை வரைக்கும் ஓடியோ இருந்தால் வெட்டுவதைப் பற்றிப் பேசக் கூடாது, வேறு பிளைவீல்தான். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றில் இரும்பு சிதறினால் அது உங்கள் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புதிய டீசல் கார்கள் சிலவற்றில் இரண்டு துண்டாக, நடுவே ஸ்பிரிங் வைத்த பிளைவீல் வருகிறது. அவற்றுக்கு இந்த லேத் கதை பொருந்தாது. மைனரும் மாருதியும் ஒற்றைத் துண்டுதான்.

ரிங் கியரையும் சுற்றிப் பாருங்கள். எஞ்சினை அணைத்தால் அது எப்போதும் ஏதோ ஒரு சிலிண்டர் காற்றை அமுக்கும் இடத்திலேயே திணறி நிற்கும். அதனால் நான்கு சிலிண்டரில் எதிரெதிரான இரண்டு இடங்களிலும், மூன்று சிலிண்டரில் மூன்று இடங்களிலும் மட்டும் பற்கள் தேயும். சில நாளில் ஸ்டார்ட்டர் சும்மா சுற்றிக் கத்துவதும், காரைக் கொஞ்சம் தள்ளினால் பிறகு பிடிப்பதும் இதனால்தான். வளையத்தை மட்டும் மாற்றலாம். புதிதைச் சூடாக்கி விரிய வைத்து ஏற்றுவார்கள், ஆறும்போது இறுகிக்கொள்ளும். கண்டபடி சூடாக்கினால் பற்களின் பதம் போய்விடும் என்பதால் அனுபவமுள்ள கைக்குக் கொடுங்கள்.

சாமான் வாங்கும்போது ஒன்று. மைனருக்கு 948 சிசி எஞ்சினில் 6¼ அங்குல கிளச், 1962இல் வந்த 1098 சிசியில் 7¼ அங்குலம். புத்தகத்தில் எழுதியிருக்கும் வருடத்தை நம்பி வாங்காதீர்கள். இந்தக் கார்களில் எஞ்சின் மாறாதவை எத்தனை? பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோய், விட்டத்தையும் நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குங்கள். யாழ் நகரத்துக் கடைகளில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்கலாம். பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்துத் தருபவர்களும் உண்டு. நடுவிலிருக்கும் ஸ்பிரிங்குகள் ஆடாமலும் பற்கள் தேயாமலும் இருந்தால் அது மோசமான வழி இல்லை. இல்லாவிட்டால் பழைய எலும்புக்குப் புதுத் தோல்.

பூட்டும்போது

பிளைவீலும் கிராங்க் தண்டும் சந்திக்கும் முகத்தைத்தான் முதலில் துடைக்க வேண்டும். அங்கே மணல் அளவு ஊத்தை இருந்தாலும் விளிம்பில் அது பெருத்த ஆட்டமாகத் தெரியும். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் முகத்தின் ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். போல்ட்டுகளைக் கைப்பலத்துக்கு இறுக்காமல் டோர்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு, எதிரெதிராக இறுக்க வேண்டும். மடித்துப் பூட்டும் தகடுகள் இருந்தால் புதிதாகப் போடுங்கள். மைனரில் கிராங்க் முனையில் இருக்கும் வெண்கலப் புஷ்ஷையும் இந்த நேரத்தில் மாற்றலாம். கியர் பொக்ஸ் தண்டின் மூக்கு அதற்குள்தான் நிற்கிறது. பூட்டும் முன் ஒயிலில் ஊறவைக்க வேண்டும்.

பிளேட்டைத் தலைகீழாகப் பூட்டுவது புதியவர்கள் செய்கிற பிழை. பிளேட்டிலேயே எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று எழுதியிருக்கும். வழக்கமாக மேடான பக்கம் கியர் பொக்ஸைப் பார்க்கும். மாறிப் போனால் நடுப்பகுதி பிளைவீல் போல்ட்டில் முட்டி, எல்லாம் பூட்டி முடித்த பிறகு கிளச் விடாது. பிறகு பிளேட்டை நடுவில் நிறுத்த வேண்டும். பிரஷர் பிளேட் அமுக்கிவிட்டால் அது அசையாது. அரை மில்லிமீட்டர் விலகி நின்றாலும் கியர் பொக்ஸ் தண்டு உள்ளே போகாது. பழைய கியர் பொக்ஸின் தண்டு ஒன்று கராஜில் கிடந்தால் அதைச் செருகி வைத்து இறுக்குவதுதான் சிறந்த வழி. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் மூடி வளைந்துவிடும்.

புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனரால் துடைத்து எடுங்கள். பற்களுக்குக் கிறீஸ் பூசுவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான். அள்ளி அப்பினால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் போய் நிற்கும். கியர் பொக்ஸை ஏற்றும்போது பாரத்தைப் பிளேட்டில் தொங்க விடவே கூடாது. நடுப்பகுதி வளைந்தால் புதுப் பிளேட்டே கிளச்சை விடாமல் இழுக்கும். இரண்டு பேர், ஒரு ஜக், கொஞ்சம் பொறுமை. போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் ஏதோ நேராக இல்லை என்று அர்த்தம்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல், பாய்ச்சாமல் ஓட்டுங்கள். லைனிங்கும் புதிதாக வெட்டிய முகமும் ஒன்றோடொன்று படிய வேண்டும்; அதுவரை லேசான மணம் வந்தால் பயப்பட வேண்டாம். படியப் படியப் பெடலின் வெறும் ஆட்டம் குறையும். அதனால் ஒரு மாதம் கழித்து கராஜுக்குக் கொண்டுபோய் அந்த அளவைத் திரும்பப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மாருதியென்றால் கேபிள் முனையில் இருக்கும் நட்டு, மைனரென்றால் கவைக்குப் போகும் கம்பியின் நட்டு. கியர் பொக்ஸ் ஒயில் மட்டத்தையும் அன்றே பாருங்கள், டிரைவ் ஷாஃப்ட் சீல் கசிந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.